போக்கர் டோர்னமெண்ட்டை விட்டுட்டு கேஷ் டேபிளுக்குப் போலாமா? ரெண்டுலயும் காசு விட்டவன் போட்ட கணக்கு

ரெண்டு மாசத்துல நாலு பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க. "அண்ணா, டோர்னமெண்ட் ஆடி ஆடி வெறுத்துப் போச்சு, எட்டு மணி நேரம் உக்காந்துட்டு காசு வர்ற எடத்துக்கு ரெண்டு பேர் முன்னாடி எந்திரிச்சு வர்றேன், பேசாம கேஷ் கேமுக்கு மாறிடட்டுமா?" ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வத்திப் போச்சு, அதான் எழுதிடலாம்னு. நான் ஆறு வருஷம் டோர்னமெண்ட் மட்டுமே ஆடினவன், இப்ப மூணு வருஷமா பெரும்பாலும் கேஷ். அமெரிக்கால சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியால சாஃப்ட்வேர் வேலை, வியாழக்கிழமை ராத்திரி சீட்டு. இதையே தொழிலா வெச்சுக்கற ஆசையெல்லாம் இல்ல.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியால ஆன்லைன்ல காசு வெச்சு ஆடறதுக்கு எதிரா 2025 ஆகஸ்ட்ல சட்டமே வந்தாச்சு, பெரிய ஆப் எல்லாம் காசு டேபிளை மூடிட்டாங்க. அதனால இங்க சொல்றது முழுக்க நேர்ல உக்காந்து ஆடற ஆட்டம், அதுவும் பெரும்பாலும் அமெரிக்கா கணக்கு. கோவால மாண்டோவி ஆத்துல மிதக்கற கேசினோவுக்குப் போய் ஆடறவங்க டாலரை ரூபாயா மாத்திப் படிச்சுக்கோங்க, ஆட்டத்தோட குணம் ஒண்ணுதான்.

போக்கர் பழக்கம் இல்லாம ரம்மி மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரில சொல்லிடறேன். 201 பூல் ஆடுவோம்ல, எல்லாரும் முன்னாடியே காசு போட்டுட்டு, பாயிண்ட் ஏறி ஏறி 201ஐ தொட்டவன் வெளிய, கடைசில நிக்கறவன் அள்ளிட்டுப் போறது, அதுதான் டோர்னமெண்ட். பாயிண்டுக்கு இவ்ளோன்னு பேசி ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கைல காசு மாறுமே, அது கேஷ் கேம். பூல் ரம்மில கெட்டிக்காரனா இருக்கறவன் பாயிண்ட் ரம்மில உக்காந்து வாங்கிக் கட்டிக்கறத நீங்களே பாத்திருப்பீங்க. இங்கயும் அதே கதைதான்.

## எத வெச்சு முடிவு பண்றது

"எதுல காசு அதிகம் வரும்"னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. அந்த கேள்விக்கு பதில் கிடையாது, ஏன்னா ரெண்டுலயுமே பாதிக்கு மேல ஆளுங்க நஷ்டத்துலதான் இருப்பாங்க, சீட்டு ரூம் நடத்தறவன் எடுக்கற பங்கே அந்த வேலைய பண்ணிடும். நான் பாக்கறது அஞ்சு விஷயம்: எவ்ளோ நேரம் போகும், காசு எந்த அளவுக்கு ஏறி இறங்கும், ரூம் பங்கும் மறைஞ்சிருக்கற செலவும் எவ்ளோ, உங்க கைல இருக்கற வித்தை எதுக்குப் பொருந்தும், கடைசியா, எப்ப எந்திரிக்கறதுன்னு முடிவு பண்றது யாரு. இந்த கடைசி விஷயத்த யாரும் யோசிக்கறதே இல்ல, எனக்கு அதுதான் முக்கியமா தெரியுது.

கிரெடிட் கார்டுல எடுத்து ஆடறவங்க, வீட்டுக்குத் தெரியாம ஆடறவங்க இந்த ஒப்பீட்டுக்குள்ளயே வர வேண்டாம், உங்களுக்கு ரெண்டும் வேண்டாம்.

## டோர்னமெண்ட்

நல்லத முதல்ல சொல்லிடறேன். 150 டாலர் கட்டிட்டு உக்காந்தா அன்னிக்கு உங்க அதிகபட்ச நஷ்டம் 150. மறுபடி காசு கட்டி உள்ள வர்ற ரீ-என்ட்ரி ஒரு தடவை எடுத்தா 300, அவ்ளோதான். சிப்பு தீந்துச்சுன்னா ஃப்ளோர் ஆளு வந்து சொல்லவே வேண்டாம், நீங்களே எந்திரிச்சு காருக்கு நடக்க வேண்டியதுதான். இது ஒரு பெரிய பாதுகாப்புன்னு ஆடற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல.

அப்புறம் அந்த கனவு. 2003ல கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு அக்கவுண்டண்ட் ஆன்லைன் சாட்டிலைட்ல (பெரிய டோர்னமெண்ட்டுக்கு எடம் குடுக்கற சின்ன டோர்னமெண்ட்) ஜெயிச்சு வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவெண்ட்டுக்குப் போய் 25 லட்சம் டாலர் தூக்கிட்டுப் போனான், அதுக்கப்புறம்தான் உலகம் பூரா ஆளாளுக்கு சீட்டு எடுத்துட்டு வந்தாங்க. சின்ன காசு போட்டு பெரிய காசு எடுக்கற வாய்ப்பு கேஷ் கேம்ல கிடையவே கிடையாது. 300 டாலரோட உக்காந்தா நல்ல நாள்ல 900 ஆகும், பத்தாயிரம் ஆகாது.

ஆனா கணக்க கொஞ்சம் கிட்டத்துல பாருங்க. நீங்க வாரம் ஒண்ணுன்னு விட்டு விட்டு வருஷத்துக்கு 40 டோர்னமெண்ட் ஆடறீங்க, ஒவ்வொண்ணுலயும் 100 பேர்னு வைங்க. பொதுவா 15 சதவீதம் பேருக்குதான் காசு, அப்ப சராசரியா ஆடினா வருஷத்துக்கு ஆறு தடவை காசு பாப்பீங்க. அந்த ஆறுல பெரும்பாலானது போட்ட காசு ஒண்ணரை மடங்கா திரும்பி வர்ற ரகம். உண்மையான காசு மேல மூணு எடத்துலதான் இருக்கு, நூத்துல மூணுன்னா நாப்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் நல்லா ஆடினா ரெண்டு தடவை. அதாவது உங்க வருஷக் கணக்கு லாபமா நஷ்டமாங்கறத ஒரே ஒரு ராத்திரி, அதுல ஒரே ஒரு ஆல்-இன் (கைல இருக்கற மொத்த சிப்பையும் தள்ளறது) முடிவு பண்ணிடும். நீங்க நல்ல ஆட்டக்காரரா இல்லையான்னு உங்களுக்கே தெரியாமலே பத்து வருஷம் ஓடிடும். நான் ஆறு வருஷம் ஆடியும் எனக்குத் தெரியாதுங்க, நிஜமா.

டோர்னமெண்ட் சிப்புக்கு இன்னொரு வினோதம். 2024 மெயின் ஈவெண்ட்ல 10,112 பேர், ஆளுக்கு 60,000 சிப்பு. கடைசில ஜொனாதன் டமாயோ கைல அந்த 60 கோடி சிப்பும் முழுசா வந்துச்சு, ஒண்ணு விடாம. ஆனா 9.4 கோடி டாலர் பரிசுப் பணத்துல அவருக்கு வந்தது ஒரு கோடி, பதினொரு சதவீதம் கூட இல்ல. அப்ப நீங்க ஜெயிக்கற ஒவ்வொரு சிப்பும் இழக்கற சிப்பை விட மதிப்பு கம்மி. இதனாலதான் காசு வர்ற எல்லைக்கிட்ட நல்ல கையையே கீழ போட வேண்டியிருக்கு. இந்த பயம் ரத்தத்துல ஊறிடும், அது கேஷ் டேபிள்ல என்ன பண்ணும்னு அப்புறம் சொல்றேன்.

மறைஞ்சிருக்கற செலவுல முதல் ஆளு கட்டணம். சின்ன டோர்னமெண்ட்லதான் இது ரொம்ப வலிக்கும். 150 டாலர்ல 30 ரூமுக்குப் போச்சுன்னா அது இருபது சதவீதம், மெயின் ஈவெண்ட்டுல 10,000த்துக்கு 700தான் எடுக்கறாங்க, ஏழு சதவீதம். ஏழை ஆளுக்கு வட்டி ஜாஸ்தி, எங்க போனாலும் இதானே. அப்புறம் பயணம். வேகாஸ்ல 1,500 டாலர் ஈவெண்ட் ஒண்ணுக்குப் போனேன், ஃப்ளைட், ரெண்டு நாள் ரூம், அந்த ரிசார்ட் கட்டணம்னு ஒண்ணு போடுவாங்களே அது, சாப்பாடு, எல்லாம் சேந்து எழுநூறு தாண்டிடுச்சு, மதியத்துக்கு மேல மூணு மணி நேரத்துல வெளிய வந்துட்டேன். மீதி ஒண்ணரை நாள் ரூம்ல படுத்துட்டு சுவத்த பாத்துட்டு இருந்தேன்.

நேரம் பத்தி சொல்லவே வேணாம். எப்ப முடியும்னு தெரியாது. நல்லா போச்சுன்னா விடிகாலை மூணு மணி, மோசமா போச்சுன்னா எட்டு மணிக்கே வீடு. பொண்ணு பிறந்தநாள் அன்னிக்கு மதியம் சின்ன டோர்னமெண்ட்தானேன்னு போய், சிப்பு ஏறிக்கிட்டே போக, கேக் வெட்டற நேரத்துல நான் ஃபைனல் டேபிள்ல. நாலாவது வந்தேன். அந்த காசுல வாங்கின சைக்கிள மட்டும் யாரும் மறக்க மாட்டேங்கறாங்க வீட்டுல.

## கேஷ் கேம்

இங்க ஒரு சிப்பு ஒரு டாலர்னா அது ஒரு டாலர்தான், ஜெயிச்சாலும் தோத்தாலும். பிளைண்ட்னா சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடற காசு, 1-3ன்னா 1 டாலரும் 3 டாலரும், கைல எவ்ளோ இருக்குன்னு அளக்கறதும் அந்த பெரிய பிளைண்ட்டை வெச்சுதான். டோர்னமெண்ட்ல அது ஏறிக்கிட்டே போகும், இங்க ஏறாது. ஏழு மணிக்கு 1-3ன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் 1-3தான். அதனால மட்டமான சீட்டு வந்தா ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கலாம், யாரும் உங்கள அவசரப்படுத்த மாட்டாங்க. ரெண்டு மணி நேரம்தான் இருக்கா, ரெண்டு மணி நேரம் ஆடிட்டு சிப்பை ரேக்குல அடுக்கி எடுத்துட்டு போயிடலாம். குடும்பம் இருக்கறவங்களுக்கு இது ஒண்ணே போதும் மாறறதுக்கு.

ஆனா ஆட்டம் வேற. எவ்ளோ வேறன்னு நான் தெரிஞ்சுக்கிட்ட விதத்த சொல்றேன். கேஷுக்கு வந்து மூணாவது வாரம், 300ஓட உக்காந்து 520 ஆக்கியிருந்தேன், தலை கால் புரியல. கைல ரெண்டு கிங். 15 போட்டேன், ரெண்டு பேர் கூட வந்தாங்க, அதுல ஒருத்தர் எப்பவும் அதே சீட்டுல தொப்பி போட்டுட்டு சர்க்கரை இல்லாத காஃபி குடிச்சிட்டு இருக்கற வியட்நாம்காரர், அறுபது வயசு இருக்கும். ஃப்ளாப்ல (டேபிள் நடுவுல எல்லாருக்கும் பொதுவா திருப்பற முதல் மூணு சீட்டு) ஜாக், ஏழு, நாலு. 30 போட்டேன், தாத்தா மட்டும் கால் பண்ணார், அதாவது அதே தொகைய போட்டார். டர்ன்ல, அதாவது நாலாவது பொதுச் சீட்டு, ரெண்டு. 80 போட்டேன். அவர் காஃபிய கீழ வெச்சுட்டு 220ன்னு ஏத்தி ரெய்ஸ் பண்ணார். டோர்னமெண்ட்டுல இந்த நேரத்துல என்கிட்ட இருபது இருபத்தஞ்சு பிளைண்ட்தான் இருந்திருக்கும், கிங் ஜோடி வந்தா ஃப்ளாப்லயே எல்லாம் உள்ள போயிருக்கும், அதுல தப்பும் இல்ல. கை தானா போச்சு, மிச்சம் இருந்த மொத்தத்தையும் தள்ளிட்டேன். அவர் நாலு ஜோடியைத் திருப்பினார். டேபிள்ல இருந்த நாலோட சேத்து மூணு நாலு. அஞ்சு டாலர் சிப்பை இருபது இருபதா அடுக்கிக்கிட்டே "டோர்னமெண்ட் ஆடற ஆளா நீ?"ன்னு கேட்டார். எப்படித் தெரியும்னேன். "எவ்ளோ இருக்குன்னு எண்ணிப் பாக்காம தள்ளினியே"ன்னார்.

விஷயம் இதுதான். 3 டாலர் பிளைண்ட்ல 520ன்னா 170 பிளைண்ட் ஆழம். அந்த ஆழத்துல வெறும் ஒரு ஜோடி, அது கிங்காவே இருந்தாலும், மொத்தத்தையும் வைக்கற கை இல்ல. டோர்னமெண்ட்டுல நாம மனப்பாடம் பண்ணினதெல்லாம் பத்துலேர்ந்து நாப்பது பிளைண்ட்டுக்கான வித்தை, எந்த எடத்துலேர்ந்து எந்த கைய தள்ளலாம்ங்கற சார்ட்டெல்லாம் இங்க சுண்டல் மடிக்கதான் ஆகும். டர்ன், ரிவர் (கடைசியா வர்ற அஞ்சாவது பொதுச் சீட்டு) ஆடத் தெரியணும், நாம அங்க போய் ஆடினதே கம்மி. இன்னொரு பக்கம், எல்லைக்கிட்ட பயந்து கைய போட்ட பழக்கம் இருக்கு பாருங்க, அது இங்கயும் கூடவே வரும். 60 டாலர் கால் பண்ணா நடுவுல சேந்திருக்கற பாட் 300, கணக்குப்படி கண்ணை மூடிட்டு பண்ண வேண்டிய கால், கை நடுங்கி போட்டுடுவோம், எதோ அடுத்த ரவுண்டுல பரிசு ஏறப்போற மாதிரி. பெருசா போட்டு எல்லாரையும் விரட்டி பிளைண்ட் திருடற பழக்கமும் இங்க உதவாது, டோர்னமெண்ட்ல ஆண்டேயோட (பிளைண்ட் போக ஒவ்வொரு கைக்கும் போடற காசு) சேத்து அது நல்ல சாப்பாடு, இங்க மொத்தமே 4 டாலர், அதுக்கும் சில ரூம்ல ஃப்ளாப் வராட்டியும் வெட்டிக்குவாங்க.

இப்ப அந்த வெட்டற கணக்கு. கலிஃபோர்னியால பாட்டுல இத்தனை சதவீதம்னு எடுக்க சட்டம் விடாது, கைக்கு இவ்ளோன்னு நிலையான தொகை. நெவாடால அதிகபட்சம் பத்து சதவீதம். டெக்ஸஸ்ல பாட்டுல கையே வைக்க மாட்டாங்க, உக்காந்திருக்கற மணி நேரத்துக்கு காசு. ஒரு உதாரணம் போடுவோம்: கைக்கு 6 டாலர், மணிக்கு 30 கை, அப்ப மணிக்கு 180 டாலர் டேபிள்லேர்ந்து காணாம போகுது. ஒம்போது பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 20. நீங்க ஜெயிக்கற ஒவ்வொரு பாட்டுக்கும் டீலருக்கு ஒரு டாலர், அது மணிக்கு மூணு. ஆக 23. ஆறு மணி நேரம் உக்காந்தா 138 டாலர் உங்க பங்குல போயிடுது, டோர்னமெண்ட்ல அந்த 30 ஒரே தடவையோட முடிஞ்சுது. கேஷ்ல கட்டணம் கம்மின்னு சொல்றவன் கிட்ட இந்த கணக்கைக் காட்டுங்க. 1-3ல ரொம்ப நல்லா ஆடறவன் இந்த 23ஐயும் தாண்டி மணிக்கு இருபது டாலர் எடுத்தாலே பெரிய விஷயம். அது இங்க ஒரு காஃபி கடைல நிக்கற பையன் சம்பளம்தான்.

ஏத்த இறக்கம் டோர்னமெண்ட்ட விட கம்மிதான், ஆனா இல்லாம இல்ல. நாப்பது ராத்திரி, அஞ்சு மணி நேரம்னா வருஷத்துக்கு 6,000 கை. அது ரொம்ப சின்ன எண்ணிக்கை. 1-3ல சரியா ஆடியும் வருஷ முடிவுல ரெண்டாயிரம் டாலர் இப்படியோ அப்படியோ ஆடறது சகஜம். அதனால 20, 30 பை-இன் (ஒரு தடவை உக்காரப் போடற காசு) தனியா வெச்சுட்டு ஆடணும்னு சொல்லுவாங்க, டோர்னமெண்ட்டுக்கு 100 பை-இன். நடைமுறைல சம்பளம் வாங்கறவன் யாரும் அப்படி தனியா வைக்கறதில்ல, அது வேற.

## அந்த ராத்திரியோட மிச்ச கதை

தாத்தாகிட்ட 520 விட்டேன்னு சொன்னேன்ல. டோர்னமெண்ட்டா இருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். கேஷ்ல என்னாச்சு? டீலர் என்னைப் பாத்தான், "ரீலோட்?"ன்னான், எவ்ளோ மரியாதையா கேக்கறான் பாருங்க. பர்ஸ்ல இருந்த 300 போச்சு. அப்புறம் வாசல்ல இருக்கற ஏடிஎம், ஒரு தடவை எடுக்க எட்டு டாலர் கட்டணம், விட்டதைப் பிடிக்கணும்ங்கற வெறில அந்த எட்டு டாலர் கண்ணுக்கே தெரியல. அதுல 500. ராத்திரி ரெண்டரைக்கு பார்க்கிங்ல கார்ல உக்காந்து கணக்குப் பாத்தா, ஜெயிச்ச 220 போனத விடுங்க, என் சொந்தக் காசு மட்டும் 1,100. அந்த மாசம் முழுக்க டோர்னமெண்ட் ஆடியிருந்தாலும் 600 தாண்டியிருக்காது. வீட்டுல சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு பேங்க் ஆப்ல பாத்துட்டு என் மனைவியே கேட்டா, "இது என்ன ராத்திரி ஒன்ரைக்கு ஏடிஎம்?"

ஊர்ல பெரியப்பா கிளப்ல ரம்மி ஆடும்போது முதல் சுத்துலயே ஸ்கூட் விட்டுட்டு (சீட்டைக் கீழ வெச்சு அந்த ஆட்டத்துலேர்ந்து விலகி) பீடிய பத்த வெச்சுக்குவார், தோத்தா தோத்தது. அந்த குணம் நமக்கு வரல. கேஷ் கேம்ல எந்திரிக்கறது உங்க வேலை, டேபிள் உங்கள எந்திரிக்க விடாது. உங்களுக்கு அந்த சுபாவம் இருக்கா இல்லையாங்கறத கணக்குப் புத்தகம் சொல்லாது, நீங்களேதான் உங்கள கேட்டுக்கணும்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| விஷயம் | டோர்னமெண்ட் | கேஷ் |
|---|---|---|
| நேரம் | எப்ப முடியும்னு தெரியாது | உங்க இஷ்டம், அதான் சிக்கலும் |
| ஒரு நாள் அதிகபட்ச நஷ்டம் | கட்டின காசு | நீங்க நிறுத்தற வரைக்கும் |
| பெரிய காசு | வாய்ப்பு உண்டு, அபூர்வம் | கிடையாது |
| ரூம் பங்கு | ஒரே தடவை, சின்னதுல 20 சதவீதம் கிட்ட | மணிக்கு மணி |
| தேவைப்படற வித்தை | 10லேர்ந்து 40 பிளைண்ட், காசு எல்லை பயம் | 100 பிளைண்ட்டுக்கு மேல, டர்ன், ரிவர் |
| நாம நல்லா ஆடறோமான்னு தெரிய | பல வருஷம் | ஒன்ரை, ரெண்டு வருஷத்துல ஓரளவு |

டேக்ஸ் டேபிள்ல அடங்காது. ரெண்டு வருமானத்தையும் காட்டணும், அதுல வித்தியாசம் இல்ல. டோர்னமெண்ட்ல பெருசா அடிச்சா ரூம்லயே வரி ஃபார்ம் குடுத்துடுவாங்க, கேஷ்ல நீங்களேதான் தேதி போட்டு எழுதி வைக்கணும். 2025 ஜூலைல கையெழுத்தான அமெரிக்க சட்டப்படி 2026லேர்ந்து சூதாட்ட நஷ்டத்துல 90 சதவீதம்தான் கழிக்க முடியும். வருஷத்துல 50,000 ஜெயிச்சு 50,000 தோத்தவன் கைல ஒண்ணுமில்ல, ஆனா 5,000த்துக்கு வரி. அடிக்கடி ஆடறவங்களுக்கு ரெண்டு பக்கமும் அடிதான். ஸ்டூடண்ட் விசால இருக்கற தம்பிங்க, பொதுவா முதல் அஞ்சு வருஷம் வரிக்கு உங்கள வெளிநாட்டு ஆளாதான் பாப்பாங்க, நஷ்டத்த கழிக்கவே முடியாது, ஜெயிச்சா 30 சதவீதம் பிடிச்சுக்கலாம். அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

## யாருக்கு எது

வாரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம்தான் கிடைக்கும், குழந்தை சின்னது, நடுவுல ஃபோன் வந்தா கிளம்பணும்னா கேஷ். பொறுமை இருக்கு, சும்மா உக்காந்து மத்தவங்கள பாத்துட்டு இருக்கறதே பிடிக்கும்னா கேஷ். நிதானமா யோசிச்சு கத்துக்கணும்னா அதுக்கும் கேஷ்தான் நல்ல வாத்தியார், ஒரே மாதிரி சூழ்நிலை திரும்பத் திரும்ப வரும்.

தோத்தா தூக்கம் வராது, விட்டதைப் பிடிக்காம எந்திரிக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரிஞ்சா தயவுசெஞ்சு டோர்னமெண்ட்லயே இருங்க, எல்லைக்கிட்ட வெளிய போற வெறுப்பு இந்த வெறியோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வேகாஸ் போய் நாலு நண்பர்களோட கூத்தடிக்கறதுதான் சந்தோஷம்னாலும் டோர்னமெண்ட்தான். எல்லைக்கு ரெண்டு பேர் முன்னாடி போறதுதான் உங்க பிரச்சினைன்னா அது ஆட்டத்தோட இயல்பு, நூத்துல எம்பத்தஞ்சு பேர் வெறுங்கையோடதான் போவாங்க, அதுக்காக மாறினீங்கன்னா கேஷ்லயும் வேற ஏதாவது ஒண்ணு உங்கள வெறுக்க வைக்கும்.

கலந்து ஆடறது மூணாவது வழி. நல்லாதான் இருக்கும், ஆனா முதல் ஆறு மாசம் வேண்டாம், ரெண்டு பழக்கமும் ஒண்ணை ஒண்ணு கெடுக்கும்.

மாறறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா சின்ன பிளைண்ட்ல உக்காருங்க, 100 பிளைண்ட்டுக்கு மேல ஏறினதும் சங்கடமா இருந்தா எந்திரிச்சுடுங்க, வெக்கமே இல்ல. ஒரு நோட்டு போட்டு வந்த நேரம், போன நேரம், கொண்டு போனது, கொண்டு வந்தது மட்டும் எழுதுங்க. நான் இப்ப வியாழக்கிழமை ரெண்டு 300ஐ ரெண்டு கவர்ல போட்டு எடுத்துட்டு போறேன், பதினொன்ரைக்கு ஃபோன்ல அலாரம். டெபிட் கார்டு அவகிட்ட. கேட்டா தந்துடுவா, ஆனா கேக்கணும்ல.